கேட்டில் நிற்பவரின் மகள் என்ன படிக்கலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனி ஒன்றில் இரவு செக்யூரிட்டி. மகள் பிளஸ் டூ எழுதப் போகிறாள். ‘புலனாய்வு மற்றும் பாதுகாப்பு மேலாண்மை’ என்று ஒரு கல்லூரி நோட்டீஸ் அவள் கைக்கு வந்திருக்கிறது. ராஜேஷ்குமார் நாவல்களைப் படித்து வளர்ந்த பெண் என்பதால், அந்த நோட்டீஸை மடித்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாளாம். தந்தைக்கு மனசு ஒப்பவில்லை. ‘ஐயா, பன்னிரண்டு வருஷமாக நான் கேட்டில் நிற்கிறேன். என் மகள் லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படித்துவிட்டு அதே கேட்டில்தான் வந்து நிற்க வேண்டுமா?’ என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. நானும் கேட்டில் நின்றவன்தான். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலைகளின் பாதுகாப்புப் பிரிவில் குப்பை கொட்டினேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்தத் துறைக்கு உங்கள் மகள் வரலாம். வந்தால் நன்றாகவே இருப்பாள். ஆனால், அந்த நோட்டீஸில் இருக்கும் பட்டத்தை முதல் பட்டமாக வாங்கத்தான் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதை விளக்குவதற்கு முன், இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாவலில் அது வராது.

நான் உதவிப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது, எங்கள் ஆலையிலிருந்து இரும்புக் கழிவு ஏற்ற வாரம் மூன்று லாரிகள் வரும். காலி லாரியை எடை மேடையில் ஏற்றி ஓர் எடை, சரக்கு ஏற்றியபின் இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வியாபாரி பணம் கட்டுவார். ஒருநாள் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே நம்பர் லாரியின் காலி எடை ஒரு வாரம் இருப்பதுபோல் அடுத்த வாரம் இல்லை; இருநூறு கிலோ வரை ஏறி இறங்குகிறது. டீசலால் அவ்வளவு வித்தியாசம் வராது. பதினொரு வாரத்துச் சீட்டுகளை எடுத்து அடுக்கினேன். விஷயம் பிடிபட்டது. உள்ளே வரும்போது லாரியின் அடியில் கட்டிய டிரம்மில் தண்ணீர் இருக்கும்; கேபினில் நாலு ஆள் இருப்பார்கள். அந்தக் கனத்தோடு காலி எடை போடுவார்கள். யார்டுக்குள் போனதும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அந்த எடைக்கு ஈடான இரும்பு, காசில்லாமல் வெளியே போய்விடும். பழைய வித்தைதான், எனக்குப் புதிது. அன்று எனக்கு நான்தான் ஷெர்லக் ஹோம்ஸ்.

அப்புறம்தான் கதை. யார்டு சூப்பர்வைசர் டிரம் குழாயைத் திறப்பது கேமராவில் தெளிவாக விழுந்திருந்தது. நான் எழுதிய அறிக்கையில் ‘டிரைவரும் சூப்பர்வைசரும் கூட்டுச் சேர்ந்து பல மாதங்களாகத் திருடி வந்தது நம்பகமான வட்டாரங்கள் மூலம் தெரிய வருகிறது’ என்று முழங்கியிருந்தேன். உள்விசாரணை நடந்தது. சூப்பர்வைசருக்காக வாதாட வந்த தொழிற்சங்கத்துக்காரர் என் அறிக்கையையும் எடைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கேமராப் பதிவில் குழாய் திறந்த நேரம் 10.41. எடைச் சீட்டில் லாரி உள்ளே வந்த நேரம் 10.50. ‘லாரி கேட்டுக்குள் வருவதற்கு ஒன்பது நிமிஷம் முன்னாலேயே இவர் தண்ணீரைத் திறந்துவிட்டாரா?’ என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ரெகார்டர் கடிகாரம் மெதுவாக ஓடியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிரூபிக்கலாம் என்று ஓடினால், அதற்குள் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறி, கடிகாரத்தையும் யாரோ சரிசெய்திருந்தார்கள். ‘நம்பகமான வட்டாரம் யார்?’ என்று அடுத்த கேள்வி. எனக்குத் தகவல் சொன்ன பையனை நான் காட்டிக்கொடுக்க முடியாது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது.

திருட்டைக் கண்டுபிடித்தவனும் நான்தான், கோட்டைவிட்டவனும் நான்தான். கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. எழுதத் தெரியாததால் அது முழுக்கப் பாழாயிற்று.

இந்தத் துறையின் சரக்கு வீரம் இல்லை; எழுத்து. பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி, ஊகத்தை ஊகம் என்றே எழுதுகிற எழுத்து. போலீஸ் ஸ்டேஷனில் அதற்கு மகஜர் என்று பெயர். ஆலையில் சம்பவ அறிக்கை. கணக்குத் துறையில் தணிக்கைக் குறிப்பு. பெயர் எதுவானாலும், எழுதியவரை எதிர்த்தரப்பு ஒருநாள் நிற்கவைத்துக் கேள்வி கேட்கும். அந்த நாளுக்காக இன்றைக்கே எழுதக் கற்றுக்கொடுக்கும் படிப்பு எதுவோ, அதுதான் இந்தத் துறைக்கான படிப்பு. நோட்டீஸில் துப்பாக்கிப் படமும் பூதக்கண்ணாடிப் படமும் போட்டிருப்பார்கள். பேனாப் படம் போட்ட நோட்டீஸை நான் பார்த்ததில்லை.

இனிப் பட்டத்துக்கு வருவோம்.

அரசு வேலைதான் உங்கள் மகளின் ஆசை என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நேரடி சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர், அமலாக்கத் துறையின் உதவி அதிகாரி, வருமான வரி இன்ஸ்பெக்டர் எல்லாம் மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் ‘சி.ஜி.எல்.’ என்ற ஒரே தேர்வு வழியாக எடுக்கப்படுகிறவர்கள். அங்கேயும் பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம்தான் தகுதி. தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம், தாவரவியல் படித்தவரும் எழுதலாம். புலனாய்வுப் பட்டம் வைத்திருப்பவருக்கு அங்கே தனி வாசல் கிடையாது.

தடய அறிவியல் ஆய்வகம் வேறு விஷயம். அங்கே ரத்தக் கறையையும் விஷத்தையும் வெடிமருந்தையும் சோதிக்கிறவர்கள் வேதியியலும் உயிரியலும் இயற்பியலும் படித்தவர்கள். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. 1849-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இந்த வகையில் நாட்டின் முதல் ஆய்வகம். இந்தப் பணிகளுக்கான அறிவிப்பில் எந்த இளநிலைப் பட்டம், எந்த முதுநிலைப் பட்டம் என்று வரி வரியாகப் போட்டிருப்பார்கள். பி.எஸ்சி. தடய அறிவியல் என்று இப்போது நிறையத் தனியார் கல்லூரிகள் ஆரம்பித்திருக்கின்றன. சேருவதற்கு முன் கடந்த இரண்டு மூன்று ஆண்டு அறிவிப்புகளை எடுத்து, அந்தப் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரத்தைச் செலவு செய்யாமல் மூன்று வருஷத்தைச் செலவு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தனியார் துறையில் நிலைமை இன்னும் தெளிவு. ஒரு நிறுவனத்தில் மோசடி விசாரணைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா என்பதை. தரவு கசிந்த வழக்கு என்றால் கம்ப்யூட்டர் தெரிந்தவர் வேண்டும். வேலை நீக்கம், ஒழுங்கு நடவடிக்கை என்றால் சட்டம் தெரிந்தவர். அதனால் என் யோசனை இதுதான்: முதல் பட்டம், தனியாக நின்றாலும் சோறு போடுகிற பட்டமாக இருக்கட்டும். பி.காம்., பி.எஸ்சி. வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ், அல்லது ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. அதன்மேல் குற்றவியலையோ தடய அறிவியலையோ முதுநிலையாக ஏற்றிக்கொள்ளலாம். முதல் பட்டம் முடித்தபின் மனசு மாறினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள் என்பதை உங்கள் மகளுக்கு நினைவுபடுத்துங்கள். அவர்கள் செய்ததெல்லாம் துப்பறியும் வேலை. விசிட்டிங் கார்டில் இருந்தது சட்டப் பட்டம்.

அப்படியானால் குற்றவியல் படிப்பே வேண்டாமா என்றால், அப்படியில்லை. குற்றம் ஏன் நடக்கிறது, எங்கே நடக்கிறது, பாதிக்கப்பட்டவர் என்ன ஆகிறார், போலீஸ், கோர்ட், ஜெயில் மூன்றும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்பதை ஒழுங்காகச் சொல்லித்தரும் ஒரே துறை அது. மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் 1959-இலேயே இதற்குத் துறை தொடங்கியது. நம் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணமும் கட்டுக்குள் இருக்கும். வடக்கே போகத் தயார் என்றால் காந்திநகர்ப் பக்கம் இரண்டு இடங்கள்: தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம், ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழகம். இரண்டுமே 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள் ஆனவை. முன்னதில் ஆய்வகம் பலம். பின்னதில் போலீஸ், உள்நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த பாடங்கள் பலம்.

நோட்டீஸ் அடித்த கல்லூரிக்கே நேரில் போய்ப் பாருங்கள். தப்பில்லை. ஆனால் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதிய ஒரு செய்முறை நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாதிரிக் குற்றக்களம் என்று ஓர் அறையில் பொம்மையைப் படுக்கவைத்து, சிவப்புச் சாயம் கொட்டி, மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அந்த அறையைப் பார்த்து மாணவர் என்ன எழுதினார், ஆசிரியர் சிவப்பு மையில் என்ன திருத்தினார் என்பதுதான் முக்கியம். ‘கத்தியால் குத்தப்பட்டுக் கிடந்தார்’ என்று எழுதியதை அடித்து, ‘குத்தியதை நீ பார்த்தாயா? காயம் இருந்தது என்று எழுது’ என்று திருத்தியிருந்தால், கடன் வாங்கியாவது மகளைச் சேர்த்துவிடுங்கள். திருத்தமே இல்லாமல் ‘நன்று’ என்று கையெழுத்து மட்டும் இருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாடம் நடத்துகிறவர்களில் ஒருவராவது கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியவரா என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரோ, ஆய்வக விஞ்ஞானியோ, வக்கீலோ, யாராவது ஒருவர். மாணவர்களை மாதிரிக் கோர்ட்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்கிறார்களா என்றும் கேளுங்கள். சென்ற வருஷம் படித்து முடித்தவர்களில் ஐந்து பேரோடு போனில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று அச்சடிக்கிற கல்லூரிக்கு ஐந்து பேரைக் காட்டுவது கஷ்டமாக இருக்கக்கூடாது. பட்டத்தைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்பதை அவர்களிடம் கேட்காதீர்கள், யு.ஜி.சி.யின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். நீங்கள்தான் தினமும் அடையாள அட்டையைச் சரிபார்த்து உள்ளே விடுகிறவர் ஆயிற்றே, அந்த வேலையைக் கல்லூரி வாசலிலும் செய்யுங்கள்.

பாடத்திட்டத்தில் சட்டம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் மூன்று பெரிய சட்டங்கள் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதினியம். இன்னும் பழைய பிரிவு எண்களையே நடத்திக்கொண்டிருக்கும் கல்லூரிகள் இருக்கலாம். பாடப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இது ஏதோ வக்கீல் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கேட்டிலேயே இது நடக்கிறது. ஷிப்ட் முடிந்து போகிற தொழிலாளியின் பையில் நாலு டி-ஷர்ட் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி என்ன செய்யலாம்? காக்கி மாதிரி உடை போட்டிருந்தாலும் சட்டத்தின் முன் அவர் தனிமனிதர்தான். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவரைத் தனிமனிதரும் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புது நடைமுறைச் சட்டம். ராத்திரி முழுக்க செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்து, ‘நான்தான் எடுத்தேன்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவது பல இடங்களில் வழக்கம். அப்படிச் செய்தால் திருடியவர் மேல் போட வந்த வழக்கு, சட்டவிரோதமாக அடைத்துவைத்த வழக்காகத் திரும்பி உங்கள் மேல் விழும். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் உள்விசாரணையிலும் நிற்காது. இதை அறியாமல் வேலையை இழந்த நல்ல அதிகாரிகள் உண்டு.

கேமரா விஷயமும் அப்படித்தான். பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆதாரம் ஆகிவிடாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கு இரண்டு பாகம்: ஒன்றில் ஆதாரத்தைத் தருபவர் கையெழுத்திடுவார், மற்றதில் நிபுணர். அதில் ‘ஹேஷ்’ எண் என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். நகல் எடுத்த அன்றைக்கும் கோர்ட்டில் கொடுக்கிற அன்றைக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டலாம். இதைச் செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளிலேயே கற்றுக்கொள்ளலாம். ‘ஆட்டாப்ஸி’ என்று ஒன்று உண்டு, உங்கள் மகள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். பதிவை எடுக்கும்போது செல்போனின் நேரத்தையும் ரெகார்டர் திரையின் நேரத்தையும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் எந்த மென்பொருளும் சொல்லித்தராது. எனக்கு அந்த யூனியன்காரர் சொல்லித்தந்தார்.

டிடெக்டிவ் ஆசை பற்றியும் ஒரு வார்த்தை. ‘அரசு அங்கீகாரம் பெற்ற டிடெக்டிவ் பயிற்சி, மூன்றே மாதம்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவே இல்லை. உரிமமே இல்லாத தொழிலுக்கு எங்கிருந்து அங்கீகாரம்? கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது, காப்பீட்டுக் கோரிக்கை உண்மையா என்று பார்ப்பது, போலிப் பொருள் விற்கும் கடையைக் கண்டுபிடிப்பது என்று நேர்மையான வேலைகள் அதில் இருக்கின்றன. ஆனால் கோட்டைத் தாண்டுவது மிகச் சுலபம். பிறருடைய போன் அழைப்பு விவரங்களைக் காசு கொடுத்து வாங்கியதற்காக 2018-இல் தாணே போலீஸார் தனியார் டிடெக்டிவ்களை வரிசையாகக் கைது செய்தார்கள். கணவர் கேட்டார் என்று மனைவியின் போனில் ரகசியச் செயலி போடுவது, வண்டியில் ஜி.பி.எஸ். ஒட்டுவது, ஒரு பெண்ணை நாள் முழுக்கப் பின்தொடர்வது எல்லாம் குற்ற வழக்கில் கொண்டுபோய் விடக்கூடியவை. அனுபவசாலியிடம் எடுபிடியாகச் சேர்ந்து கற்கிற இருபது வயதுப் பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள்.

பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று கடிதத்தின் ஓரத்தில், பேனா மாற்றி, சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் மனைவி எழுதச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அம்மா, நாட்டிலுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்குவது முழுக்கப் பெண் பிள்ளைகள். அவர்களைச் சோதிக்கப் பெண்கள் வேண்டும். விடுதிக்குப் பெண் அதிகாரி வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். தொண்ணூறு நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். பயந்துபோன ஒரு பெண்ணை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளத் தெரிந்த ஆளுக்கு நிறுவனங்கள் திண்டாடுகின்றன. இதில் மீசை வைத்த ஓய்வுபெற்ற சுபேதாரைவிட உங்கள் மகள் நூறு மடங்கு பயன்படுவாள். இரவு வேலை உண்டு. அதை மறைக்க மாட்டேன். முதல் ஐந்து வருஷம் தூக்கம் கெடும்.

இப்போது உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. அதையொட்டி மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளின்படி, புதிதாகச் சேரும் ஒரு காவலருக்கு நூறு மணி நேரம் வகுப்பும் அறுபது மணி நேரம் களப் பயிற்சியும் தர வேண்டும். உங்களுக்கு எத்தனை மணி நேரம் தந்தார்கள்? பலருக்கும் முதல் நாள் ஒரு சட்டை, ஒரு விசில், அவ்வளவுதான். அதே விதிகள் பதினைந்து காவலருக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்கின்றன. கார்டு, சூப்பர்வைசர், உதவிப் பாதுகாப்பு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி, மேனேஜர் என்று ஏணி போகிறது. உங்களை அந்த ஏணியில் யாரும் ஏற்றவில்லை என்பது உங்கள் குற்றமில்லை. ஏற்றாமல் விட்டதில் பெரும்பங்கு ஒரு காகிதத்துக்கு, அதாவது பட்டத்துக்கு. உங்கள் மகள் படித்துவிட்டு வந்தால் இரண்டாவது மூன்றாவது படியிலிருந்து தொடங்குவாள்.

ஆனாலும் கேட்டில் சில மாதம் நிற்க வேண்டும். அது தண்டனை இல்லை. லாரி நம்பர், வவுச்சர், திரும்பி வரவேண்டிய சாமான்களுக்கான கேட் பாஸ், கான்ட்ராக்ட் ஆட்களின் வருகைக் கணக்கு எல்லாம் கண்முன்னே ஓடுவது அங்கேதான். கேட்டில் நிற்காத மேனேஜரை ஆறு மாதத்தில் கீழே இருப்பவர்கள் விலைக்கு வாங்கிவிடுவார்கள்.

பாதுகாப்பு மேலாண்மை என்பது திருடனைப் பிடிப்பது மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். துணி திருட்டுப் போகிறது என்று பின்கதவைப் பூட்டச் சொல்வார் முதலாளி. தீப்பிடித்தால் அந்த வழியாகத்தான் முந்நூறு பேர் ஓட வேண்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீயில் இழந்த மாநிலம் நம்முடையது. பூட்டாதே என்று முதலாளியிடம் சொல்லவும், திருட்டுக்கு வேறு வழி காட்டவும் தெரிய வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கட்டடங்களின் ஜெனரேட்டர்கள் அடித்தளத்தில் மூழ்கின. அடுத்த மழைக்கு முன் அதை மேலே தூக்கவைப்பதும் இந்த வேலைதான். துறைமுகம், விமான நிலையம் என்று போனால் தனிக் கட்டுப்பாடுகள்: 2004 ஜூலை முதல் சர்வதேசக் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஐ.எஸ்.பி.எஸ். விதிகள், விமானத் துறையில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் பயிற்சியும் தேர்வும். தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் இதற்கு ஆள் தேவை. பொதுத்துறை வங்கிகளின் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். அது பெரும்பாலும் ராணுவத்திலோ போலீஸிலோ அதிகாரியாக இருந்தவர்களுக்கே போகும்.

வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பற்றி யாராவது ஏஜெண்ட் பேசினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஏ.எஸ்.ஐ.எஸ். அமைப்பின் சி.பி.பி., மோசடி விசாரணையாளர் சங்கத்தின் சி.எஃப்.இ. இரண்டும் மதிப்புள்ளவை. ஆனால் இரண்டும் அனுபவம் கேட்பவை, டாலரில் கட்டணம் வாங்குபவை. வேலையில் சேர்ந்து, அவை கேட்கிற அனுபவம் சேர்ந்தபின், கம்பெனி செலவில் எழுதட்டும். அந்த மோசடி விசாரணையாளர் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. வெளியே வந்த மோசடிகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் யாரோ ஒருவர் வாய்திறந்து சொன்னதால் பிடிபட்டவை. தணிக்கையும் கேமராவும் அதற்குப் பின்னால்தான். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் உங்கள் மகளிடம் நம்பிப் பேசுவாரா? பேசியதை அவள் இன்னொரு வழியில் சரிபார்த்துக்கொள்வாளா? ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் இதே சரிபார்ப்புத்தான்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒருநாள் லீவு போட்டு, மகளை உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போங்கள். சில வகை வழக்குகள் தவிர மற்றவை திறந்த அறையில்தான் நடக்கும். பின் பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஒரு சாட்சி குறுக்கு விசாரணையில் திணறுவதை அவள் முழுசாகப் பார்க்கட்டும். பார்த்தபின் சலிப்பாக இருக்கிறது என்றால் பி.காம். படித்துவிட்டு வேறு வழி பார்க்கலாம். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரண்டாவது, நீங்கள் டியூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்ததும், முந்தின இரவு நடந்ததை அவளிடம் சொல்லுங்கள். யார் வந்தார்கள், எந்த வண்டி, எத்தனை மணி, நீங்கள் எங்கே நின்றீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது. அவள் கேள்வி கேட்டுக் கேட்டு ஒரே பக்கத்தில் எழுதட்டும். கம்பெனி ரெஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், வாயால் சொன்னால் போதும். ஒரு வாரம் கழித்து அதே இரவைப் பற்றி மறுபடி கேட்டு, முதலில் எழுதியதோடு ஒத்துப்பார்க்கட்டும். எங்கே மாறுகிறது என்று பார்த்து, மாறிய இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அந்த இரண்டு தாளையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தி அனுப்புகிறேன்.